ஓடாத காடி குடித்த டீசல்

அத்தியாயம் 4

கெர்ட்ரூட் உட்கார்ந்த மறுநொடி முன்சீட்டு மல்லாந்தது. பணிவோடு கொஞ்சம் சாய்ந்ததோடு நிற்கவில்லை. பின்னால் இருந்த சுகுமாறனின் முழங்காலில் வந்து படுத்தேவிட்டது.

"அலமாக்! அக்கா, மடியில படுக்கிறதுன்னா முன்கூட்டியே சொல்லணும்லா. எங்க வீட்டுக்காரிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"கால மடக்கு சுகு. ஆலன், இந்தச் சீட்டு எப்பவும் இப்படித்தானா?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஆலன் திரும்பிப் பார்த்தான். மழமழவென்று மின்னிய அவன் வழுக்கைத் தலையில் வியர்வை முத்துக் கோத்திருந்தது. "தெரியலக்கா. அதுல யாரும் உக்காருறதில்லையே. டத்தோ பின்னாடிதான் ஏறுவாரு. முன்னால உக்காந்தா டிரைவர் ஜாதியாப் போயிருமாம்."

கெர்ட்ரூட் சீட்டை நிமிர்த்தினாள். அது மறுபடி படுக்க முயன்றது. ஐம்பத்தைந்து வயதில் அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மோட்டார் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பொய்க் கணக்குகளை முகர்ந்து பிடித்தே காலம் போனவள், ஓய்வு பெற்ற மறுமாதம் ஜொகூர் பாருவில் ஒரு தையற்கடை மாடியில் துப்பறியும் பலகை மாட்டிவிட்டாள். பஸ் டிக்கெட் பரிசோதகர் வேலையை உதறிவிட்டு அவளோடு சேர்ந்தவன் சுகுமாறன். ஓசியில் பயணம் செய்பவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவான் என்று தன்னைப் பற்றி ஒரு நம்பிக்கை அவனுக்கு. இதுவரை பிடித்ததில் பாதிப் பேர் டிக்கெட் வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஸ்கூடாய் சாலையின் நெரிசலில் காடி, அந்தச் சின்ன கார், ஊர்ந்தது. ஆலன் எண்ணெய் மிதியைத் தொடவே இல்லை. கிளட்சை விட்டால் போதும், சின்ன காடி கட்டெறும்பு மாதிரித் தன் பலத்திலேயே முன்னேறியது. உள்ளேயிருந்து வந்த சத்தம் மட்டும் லாரியிடம் இரவல் வாங்கியது. ஜொகூரில் டீசல் என்றால் லாரி, பஸ், பிக்கப். இந்தக் கையகலக் காடி டீசல் குடிக்கும் என்று யாரும் நம்புவதில்லை. ஆலன் டீசலின் கறுப்புக் குழாயைக் கையில் எடுத்தால் போதும், எண்ணெய் நிலையத்துப் பையன் 'சாலா, பாங், சாலா!', தப்பு அண்ணே தப்பு, என்று தடுக்க ஓடி வருவானாம்.

காடியின் இரண்டு பக்கக் கதவுகளிலும் மஞ்சள் எழுத்து: 'ஒரே டேங்க்! ஓராயிரம் கிலோமீட்டர்! எளிமையே ஏற்றம்.'

எழுதியவர் ஆலனின் முதலாளி டத்தோ வீரமுத்து; டத்தோ என்பது சுல்தான் கொடுத்த பட்டம். மரச்சாமான் ஏற்றுமதியாளர், சிக்கன வாழ்வு இயக்கத்தின் நிறுவனத் தலைவர். எளிமையைப் பரப்ப அவர் இந்தக் காடியில் கூட்டத்துக்கு வந்து இறங்குவார். அவருடைய சால்வைகளும் மாலைகளும் பின்னால் எட்டு சீட்டு வேனில் வந்து இறங்கும். ஒரு டேங்கில் காடி எத்தனை தூரம் ஓடியது என்று மாதாமாதம் மேடையில் அறிவிப்பது அவர் வழக்கம். மூன்று மாதமாக அந்தத் தூரம் தேய்ந்துகொண்டே வந்தது. கிலோமீட்டர் ஏறவில்லை, டீசல் மட்டும் இறங்கியது. போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து 'எளிமைக்கு ஓட்டையா, டேங்குக்கு ஓட்டையா?' என்று கேட்க, சபை சிரித்துவிட்டது. டத்தோவின் மைத்துனரும் இயக்கச் செயலாளருமான சதாசிவம் பதறி எழுந்து, 'டிரைவர் எண்ணெய் திருடுறான்' என்றார். டத்தோ மேடையில் தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலில் ஆலன் திருடனாகிவிட்டான்.

"இன்னிக்கு சாயங்கால டீ முடிஞ்சதும் சதாசிவம் போலீஸ் ரிப்போர்ட் பண்ணப் போறாராம்க்கா," என்றான் ஆலன். "அடுத்த வாரம் சிங்கப்பூர்ல பஸ் ஓட்டக் கூப்பிட்டிருக்காங்க. ரிப்போர்ட் விழுந்திருச்சுன்னா அந்த வேலை போச்சு. எம் பொண்டாட்டி ஜாக்லின் நேத்துலேருந்து சாப்புடல. அதான் ஒங்ககிட்ட வந்தேன்."

"எண்ணெய் மூடிக்குப் பூட்டு இருக்கா?"

"இருக்கு. அந்தச் சாவி டத்தோ ரூம்ல மாட்டியிருக்கும். எண்ணெய் அடிக்கப் போறப்பத்தான் எனக்குக் குடுப்பாங்க. காடிக்கு மாத்துச் சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்கு. டீக்கு முன்னால அதையும் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

"ஆலன், உண்மையச் சொல்லு," என்று சுகுமாறன் முன்னால் எட்டிக் குனிந்தான். "நீ எடுக்கல, சரி. ஒனக்குக் கூட்டாளி யாராச்சும்?"

"அண்ணே, திருடத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் டிரைவராயிருக்கேன்? இந்நேரம் டத்தோவாயிருப்பேன்."

சுகுமாறனுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. தனக்குத் தோன்றாமல் போனதே என்று உள்ளுக்குள் வருந்தினான்.

கெர்ட்ரூட் எண்ணெய் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் புறப்பட்டது முதல் நகரத்தைச் சுற்றி, மேட்டில் ஏறி, நெரிசலில் நின்று, நெடுஞ்சாலையில் பறந்தாயிற்று. முள் ஆணியடித்தது போல் நின்றது.

"இது ஒட்டகம் சுகு. ஓட ஓட எண்ணெய் குடிக்காது. ரோட்டுல தப்பில்ல." சீட்டுத் தலையணையில் விரித்திருந்த வெள்ளைத் துண்டை அவள் உருவி எடுத்தாள். நடுவில் கரிய வட்டம் ஒன்று படிந்திருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள். "என்ன இது?"

"டீசல் புகை. சந்தேகமே இல்ல."

"முகராமலே சொல்றியே."

முகர்ந்தான். தும்மினான். புகை இப்படி மூக்கைக் குத்தாது. வேறெங்கோ பழகிய வாடை. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"ஆலன்," கெர்ட்ரூட் துண்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "இந்தக் காடிய டத்தோ ஏன் வாங்கினாரு?"

"அது பெரிய கதைக்கா. அவரு மகன் மொத எலக்ட்ரிக் காடி ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. ஒரு வாரந்தான், திருப்பி அனுப்பிட்டாரு. நம்ம ஜனங்களுக்கு எட்டாத ஆடம்பரமாம். பெட்ரோல் காடி நாலஞ்சு ஓட்டிப் பாத்தாரு. எல்லாத்தையும் நிறுத்தி வச்சு, கண்ண மூடிக்கிட்டுக் கேப்பாரு. கடைசில இத ஸ்டார்ட் பண்ணினேன். இதுதான்னுட்டாரு."

"கண்ண மூடிக்கிட்டா?"

"பெரிய மனுசங்க வேற மாதிரிலா," என்றான் சுகுமாறன். "நாம டயரப் பாப்போம். அவங்க ஆத்மாவப் பாப்பாங்க."

கெர்ட்ரூட் சிரிக்கவில்லை. அவள் விரல்கள் கதவில் தாளம் போட்டன. அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது, தனக்குச் சொல்லமாட்டாள் என்பது சுகுமாறனுக்குப் புரிந்தது. இந்த வேலையில் அவனுக்குப் பிடிக்காத பகுதி அதுதான்.

*

கெலாங் பாத்தாவில் டத்தோவின் கிடங்கு. வாசலில் அவருடைய படம், அவரைவிடப் பெரியது. நேரிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார்: மடிப்புக் கலையாத, பூவேலைப் பாத்தேக் சட்டை, ஒரு நரைகூட இல்லாத கருகருத்த முடி. கண்கள் மட்டும் இரண்டு நாள் பழைய மீன்கண்கள் மாதிரிச் சிவந்து கிடந்தன.

"துப்பறிவாளர்!" என்று கையை விரித்தார். "நல்லது. எங்கள் இயக்கத்தில் ஒளிவு மறைவு கிடையாது மேடம். நான் பிறவி நிர்வாகி. ஒரு சொட்டு எண்ணெய் வீணானாலும் என் நெஞ்சு..." அந்த இடத்தில் ஒரு கொட்டாவி குறுக்கிட்டது. நெஞ்சு என்ன ஆகும் என்று தெரியாமலே போயிற்று.

"தூக்கம் சரியில்லையா டத்தோ?"

"தலைவர்களுக்கு ஏது மேடம் தூக்கம்?" ஆலனிடமிருந்து காடிச் சாவியை வாங்கிக்கொண்டார். "சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு முக்கியமான மீட்டிங். சாயங்கால டீ வரைக்கும் யாரும் அழைக்கக்கூடாது. அப்புறம் சதாசிவம் ஸ்டேஷனுக்குப் போவார். சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்."

"எங்க டத்தோ மீட்டிங்?"

"உயர்மட்டத்தில்," என்றார் டத்தோ, கூரையைப் பார்த்து.

அறைக்கதவு சாத்திக்கொண்டது. 'மீட்டிங்' என்று ஒரு பலகை கதவில் ஆடியது. எட்டு சீட்டு வேன் வாசலில் அசையாமல் நிற்க, அதன் டிரைவர் காலை நீட்டிக் கைப்பேசியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உயர்மட்டத்துக்கு வேன் வேணாமா?" என்றான் சுகுமாறன். "ஏணியிலயா போறாரு?"

கெர்ட்ரூட் அதற்குள் கிடங்கின் பின்பக்கம் நடந்திருந்தாள். பின்பக்கம் ஒரு சிமெண்டுத் திடல். டத்தோ அறையின் பின்கதவு அங்கேதான் திறந்தது. வெள்ளையடித்த மதில்சுவர். காடி அங்கே நிறுத்தப்படுவது வழக்கம். இப்போது வாசலிலேயே இருந்ததால் இடம் காலியாகக் கிடந்தது. மழை கண்டு நாளாகிவிட்டது. திடல் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

"சுகு, என்ன பாக்குற?"

"வெயில. அப்புறம் என் பசிய."

"சுவரப் பாரு."

கணுக்கால் உயரத்தில், சுவரில் கரிப்பிடித்த ஒரு வட்டம். கெர்ட்ரூட் அதிலிருந்து எட்டு வைத்து முன்னே வந்து நின்றாள். அவள் காலடியில், சிமெண்டு வெடிப்பில், பச்சைப்பசேலென்று ஒரு கொத்துப் புல். அந்தப் பாலைவனத்தில் அது ஒன்றுதான் பச்சை.

"இதுக்கு யாரு தண்ணி ஊத்துறா?" என்றாள்.

சுகுமாறன் தலையைச் சொறிந்தான். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "தம்பி, சாப்புடுறதுன்னா இப்படிச் சுத்தி வாங்க. சுவத்துக்கிட்ட நின்னு மோப்பம் புடிச்சா வயிறு ரொம்பாது."

மதிலை ஒட்டிச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பேச்சியம்மாள். மேலும் கேட்கவேண்டிய அவசியம் சுகுமாறனுக்கு இருக்கவில்லை. சோறு, மீன் சம்பால், கங்கோங் கீரைப் பிரட்டல், பால் விடாத தேநீரான தே ஓ ஒரு டம்ளர். ஆலனுக்கும் ஒரு தட்டு வாங்கினான். அவன் சோற்றைப் பிசைந்தானே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கெர்ட்ரூட் உட்காரவும் இல்லை.

"அக்கா, அந்தப் பக்கம் மத்தியானத்துல ஏதாச்சும் சத்தம் கேக்குமா?" என்று பேச்சியம்மாளைக் கேட்டாள்.

"கேக்காம? தெனம் ஒரு லாரி வந்து நிக்குதும்மா. கடகடன்னு. என் சாடியெல்லாம் ஆடும். இன்ஜின நிறுத்தவே மாட்டானுவோ. மூணு மாசமா இந்தக் கூத்து."

சுகுமாறனின் கையில் இருந்த மீன் தட்டிலேயே விழுந்தது. லாரி! தினம் மத்தியானம், டத்தோ மீட்டிங்கில் இருக்கும் நேரம் பார்த்து, ஒரு லாரி பின்பக்கம் வருகிறது. சின்ன காடியின் வயிற்றிலிருந்து பெரிய லாரியின் வயிற்றுக்கு டீசல் போகிறது. அவன் மனக்கண்ணில் ஒரு கும்பலே தெரிந்தது: தலைவன், கையாள், தங்கப்பல்.

"அக்கா! கேஸு முடிஞ்சிருச்சு!"

"லாரி எந்த வாசலால வருது அக்கா?" என்று கெர்ட்ரூட் பேச்சியம்மாளிடமே கேட்டாள்.

பேச்சியம்மாள் கரண்டியை நிறுத்தினாள். "அதுதான்மா அதிசயம். வர்றதையும் காணோம், போறதையும் காணோம். சத்தம் மட்டும்தான்."

"ஆவி லாரி," என்றான் சுகுமாறன், கும்பலை விட மனமில்லாமல்.

அந்த நேரம் மதிலுக்கு அப்பால் எழுந்தது அது. கட... கடகட... கடகடகட. அலமாரியில் சாடிகள் நடுங்கின. ஆலன் எழுந்துவிட்டான். சுகுமாறன் சோறு கிளறும் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டான். "நான் முன்னால போறேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சாப்பாட்டுக் கணக்க அக்கா பாத்துக்குவாங்க."

*

திடலில் லாரி இல்லை. கும்பல் இல்லை. தங்கப்பல் இல்லை.

வாசலில் இருந்த சின்ன காடி மட்டும், இப்போது சுவருக்கு முதுகைக் காட்டி, தன் இடத்தில் நின்று கடகடத்துக்கொண்டிருந்தது. வாலில் இருந்து கிளம்பிய புகை சுவரின் கரிவட்டத்தில் சரியாகப் போய் முட்டியது. ஏர்கோன் தண்ணீர் வயிற்றிலிருந்து சொட்டுச்சொட்டாய் அந்தப் புல்லுக்கு விழுந்தது. கண்ணாடிகள் விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தன.

முன்சீட்டு மல்லாந்திருந்தது. அதன்மேல், பாத்தேக் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டு, வாயைத் திறந்து, சிக்கன வாழ்வு இயக்கத்தின் நிறுவனத் தலைவர் உயர்மட்டத்தில் இருந்தார்.

சுகுமாறன் கட்டையைத் தாழ்த்தினான். அந்த வாடை எங்கே பழகியது என்று இப்போது நினைவு வந்தது: அவனுடைய மாமனார், தீபாவளிக்கு முந்தின நாள், குளியலறை. முடிக்குப் பூசும் சாயம்!

"ஆலனுக்கு ஒரு முடிகூடக் கெடையாது," என்றான் மெதுவாக. "துண்டுல சாயம். அக்கா, நீங்க அப்பவே..."

"ஆளு யாருன்னு அப்பவே தெரியும். எதுக்குன்னுதான் தெரியல. ஓடாத காடியில இன்ஜினப் போட்டுட்டு மனுசன் என்ன பண்ணுவான்?" கெர்ட்ரூட் முதன்முறையாக ஆடாமல் அசையாமல் நின்றாள். "சத்தமில்லாத காடிய ஒரே வாரத்துல அனுப்பிட்டாரு. கண்ண மூடிக்கிட்டு இன்ஜினக் கேட்டாரு. காலையில கண்ணு செவப்பு. இப்ப பாரு, பச்சப்புள்ள மாதிரி."

சுகுமாறன் கண்ணாடியைத் தட்டினான். "டத்தோ! டத்தோ! ஏர்போர்ட்ல வரவேற்பு! மாலை வந்திருக்கு!" குறட்டை சுருதி மாறவில்லை. கூரையில் கையால் அடித்தான். வெளிச்சாலையில் ஒரு கொள்கலன் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டத்தோ சுகமாகப் புரண்டு படுத்தார்.

"நீ எழுப்பத் தெரியாம எழுப்புற," என்றாள் கெர்ட்ரூட். ஆலனிடம் கையை நீட்டி மாற்றுச் சாவியை வாங்கினாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, இன்ஜினை அணைத்துச் சாவியை உருவினாள்.

அமைதி விழுந்தது.

டத்தோ துள்ளி எழுந்தார். "என்ன? யாரு? ஏன் நின்னு போச்சு?"

அந்தக் குரலில் மேடை இல்லை, இயக்கம் இல்லை. கனவில் எதையோ தொலைத்துவிட்டு எழுந்தவனின் குரல். அப்புறம் மூன்று முகங்களும் கண்ணில் பட்டன. பொத்தான்களைத் தேடினார்.

"நான்... காடியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். ஒரு தலைவன் என்பவன்..."

"கண்ண மூடிக்கிட்டா டத்தோ?" என்றான் சுகுமாறன்.

"இந்தச் சத்தம் எந்த லாரியோடது டத்தோ? முன்னால எங்க கேட்டீங்க?" என்றாள் கெர்ட்ரூட்.

டத்தோ பொத்தான்களை விட்டுவிட்டார். டாஷ்போர்டில் கையை வைத்தார். பிறகு, செந்தமிழை ஒரு சட்டை மாதிரிக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"செம்பனைப் பழ லாரி. குளுவாங் பக்கம் எஸ்டேட்டு. கெலிண்டானா இருந்தேன், குலை ஏத்தி எறக்குவேன். மில்லு வாசல்ல மத்தியானம் பூரா வரிசை நிக்கும். கெழட்டு லாரி, நிறுத்தினா மறுபடி எடுக்காது, அதனால இன்ஜின அணைக்க மாட்டாங்க. அது மேலயே சாஞ்சு தூங்குவேன். அந்தத் தூக்கம் இந்தப் புது பங்களாவுல இல்ல மேடம். அங்க எலி நடந்தாக்கூடக் கேக்குது. ஒரு பூட்டுச் சத்தம், ஒரு தண்ணிச் சத்தம், எல்லாம் காதுல விழுது. இதுல ஏறிப் படுத்தா..." கையை உதறினார். "வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"அதுக்கு ஆலன் திருடனாவணுமா?"

"நான் சொல்லல. சதாசிவந்தான் சொன்னான்."

"நீங்க தலைய ஆட்டினீங்க."

சாயம் பூசிய முடியில் ஒரு பக்கம் சப்பையாக அழுங்கியிருந்தது. அவர் வாசல் படத்தில் இருந்த மனிதரைவிட இப்போது நாலு அளவு சின்னவராகத் தெரிந்தார். சுகுமாறனுக்கு நாக்கு நுனியில் ஒரு நல்ல கேலி வந்து நின்றது. ஆலனின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கினான்.

ஆலன் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. "மூணு வருசம் ஓட்டியிருக்கேன் டத்தோ," என்றான். "தூக்கம் வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு, வெளிய காவலுக்கு நின்னிருப்பேன். எம் பொண்டாட்டிகிட்ட நீ எடுத்தியான்னு கேள்வி வாங்க வச்சிட்டீங்க."

கெர்ட்ரூட் இரண்டு சாவிகளையும் கைக்குள் மூடிக்கொண்டாள். "டத்தோ, உங்க கைப்பேசி. சதாசிவத்த கூப்புடுங்க. ஸ்பீக்கர்ல."

"டீக்கு அப்புறம் நேர்ல..."

"டீக்கு அப்புறம் அவரு ஸ்டேஷன்ல இருப்பாரு."

டத்தோ அழைத்தார். மறுமுனையில் சதாசிவம் உற்சாகமாக இருந்தார். "மச்சான், கிளம்பிட்டேன்! மீட்டிங் முடிஞ்சிருச்சா?"

"போவாத." என்றார் டத்தோ. "டீசல யாரும் எடுக்கல. காடி நின்ன எடத்துலயே ஓடுச்சு. நான்தான் ஓட விட்டேன்."

"நீங்களா? எதுக்கு மச்சான்?"

டத்தோ கெர்ட்ரூட்டின் மூடிய கையைப் பார்த்தார். கை திறக்கவில்லை.

"தூங்கறதுக்கு," என்றார். "சாயங்காலம் எல்லாரும் இருக்கறப்ப நானே சொல்றேன். ஆலன் திருடல. அதையும் சொல்றேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நாங்கூட சின்ன வீடோன்னு பயந்துட்டேன் மச்சான்," என்றது ஸ்பீக்கர். டத்தோ அவசரமாக அணைத்தார்.

கெர்ட்ரூட் சாவிகளை ஆலனிடம் கொடுத்தாள். ஆலன் அவற்றை உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தான். பிறகு காடியைச் சுற்றி வந்து நாலு கண்ணாடியையும் நன்றாக இறக்கினான். "இப்படி வச்சுக்குங்க. மூடிட்டுத் தூங்கினா எந்திரிக்க மாட்டீங்க." ஒரு சாவியை இக்னிஷனில் விட்டான், மற்றதை டாஷ்போர்டில் வைத்தான்.

"ஆலன், நாளைக்கு வந்துரு," என்றார் டத்தோ. "நடந்தத மறந்துரு."

"நாளைக்கு பேக் கட்டணும் டத்தோ. சிங்கப்பூர்ல கூப்பிட்டிருக்காங்க." கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவன் மதில் நிழலுக்கு நடந்தான். "ஜாக்லின், சாப்புட்டியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

டத்தோ திகைத்து நின்றார். "அப்ப இந்தக் காடிய யாரு ஓட்டுவா?"

இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த சுகுமாறனால் அதற்குமேல் முடியவில்லை.

"இதுக்கு எதுக்கு டத்தோ டிரைவரு? இது ஓடுறதே இல்லையே."

கெர்ட்ரூட் அவன் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி, அதனாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். பேச்சியம்மாளிடம் கட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆலன் பிசைந்து வைத்த தட்டை எடுத்துப்போட விடாமல் அங்கேயே காவல் நின்றார்கள். அவன் வந்து உட்கார்ந்து, இந்தத் தடவை சாப்பிட்டான்.

பாதித் தட்டு காலியானபோது சாடிகள் மெல்ல நடுங்கத் தொடங்கின. கட... கடகட... கடகடகட.

பேச்சியம்மாள் கரண்டியோடு மதிலைப் பார்த்தாள். "லாரி வந்திருச்சு."

"லாரி இல்லக்கா," என்றான் சுகுமாறன், இரண்டாவது தே ஓவுக்குக் கை காட்டி. "மீட்டிங் மறுபடி கூடிருச்சு."